உங்களுக்குத் தெரியுமா? – ரீங்காரச்சிட்டுக்கு ஒரு பூப்பந்தி

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் மகன், மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பும் பெற்றோர் செல்பேசியில் காட்டும் படங்களில் ஒன்று தவறாமல் இதுவாக இருக்கும்: ஜன்னலோரம் தொங்கும் சிவப்பு பாட்டிலில் அலகை விட்டுச் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கும் குட்டிப் பறவை. ஹம்மிங்பேர்ட். தமிழில் ரீங்காரச்சிட்டு என்றும் ஓசனிச்சிட்டு என்றும் சொல்கிறோம். அந்த பாட்டில் அதற்கு வெறும் நொறுக்குத்தீனி. முழுச் சாப்பாடு அந்தந்த ஊர்க் காட்டுப்பூச் செடியில்தான் இருக்கிறது. அந்தப் பூக்களையும் பறவையையும் பற்றிக் கொஞ்சம்.

● ரீங்காரச்சிட்டு அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே சொந்தம். வடக்கே அலாஸ்கா, தெற்கே அர்ஜென்டினா – சிலி முனை. இடையில் 360 இனங்களுக்கு மேல். ஈக்வடார் என்ற சின்ன நாட்டில் மட்டும் சுமார் 130 இனங்கள். ஆனால் நியூயார்க், நியூஜெர்சி, டொராண்டோ என்று நம்மவர்கள் நிறைந்திருக்கும் கிழக்குப் பகுதி முழுவதற்கும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இனம் ஒன்றே ஒன்று: செங்கழுத்துச் சிட்டு.

● “எங்கள் ஊர் செம்பருத்தியில் ஹம்மிங்பேர்ட் பார்த்தேன்” என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் பார்த்தது தேன்சிட்டாக இருக்கும். இல்லையென்றால், பூ முன்னால் அந்தரத்தில் நின்றபடி தேன் குடிக்கும் பருந்து அந்துப்பூச்சியாக இருக்கும். தேன்சிட்டுக்கும் ரீங்காரச்சிட்டுக்கும் உறவே கிடையாது. ரீங்காரச்சிட்டின் நெருங்கிய சொந்தம், நம் ஊர் வானத்தில் அரிவாள் போல் இறக்கை விரித்துச் சுற்றும் உழவாரக் குருவி.

● இன்று அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டாத இந்தப் பறவைக் குடும்பம் ஒரு காலத்தில் ஐரோப்பாவிலும் இருந்தது. தெற்கு ஜெர்மனியில் கிடைத்த, சுமார் 3 கோடி ஆண்டு பழைய புதைபடிவங்களை ஆராய்ந்து கெரால்ட் மயர் 2004இல் இதை வெளியிட்டார். நீண்ட அலகு, அந்தரத்தில் நிற்க ஏற்ற தோள் எலும்பு, எல்லாம் அப்போதே இருந்திருக்கிறது. பிறகு பழைய உலகத்தில் ஏன் அழிந்தது என்பது இன்னும் அவிழாத முடிச்சு.

● செங்கழுத்துச் சிட்டின் எடை சுமார் 3 கிராம். நம் ஒரு ரூபாய் நாணயம் அதைவிடக் கனம். நொடிக்கு ஏறக்குறைய 50 முறை இறக்கை அடிக்கும். முன்னே, பின்னே, பக்கவாட்டில், அந்தரத்தில் நின்றபடி, எப்படியும் பறக்கும். நடக்க மட்டும் வராது. கால் அவ்வளவு குட்டை. கிளையைப் பற்றி உட்காரத்தான் உதவும்.

● இப்படிப் பறக்க எரிபொருள் வேண்டுமே! ஒரு நாளில் தன் உடல் எடையைவிட அதிகமான பூந்தேனைக் குடித்துவிடும். இரவில் குடிக்க வழியில்லை. குளிர் அதிகமான இரவுகளில் உடம்பின் சூட்டைத் தணித்து, இதயத் துடிப்பைக் குறைத்து, செத்ததுபோல் உறைந்து கிடக்கும். பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில் ஓர் இனம் தன் உடல் வெப்பத்தைச் சுமார் 3.3 டிகிரி செல்சியஸ் வரை இறக்கியதை 2020இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பறவைகளில் அவ்வளவு கீழே போனதாக அதற்கு முன் கணக்கில்லை. காலையில் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு நேராகப் பூவுக்குப் போகும். தோட்டத்தில் விடியற்காலைப் பூக்களுக்கு இவ்வளவு கிராக்கி இருப்பது இதனால்தான்.

● சிவப்பு என்றால் இதற்கு உயிர் என்கிறார்கள். பாதி உண்மை. பிறக்கும்போதே சிவப்பின்மேல் மோகம் கொண்டு பிறப்பதில்லை. சிவப்புப் பூவில் தேன் நிறைய மிஞ்சியிருக்கும் என்று பழகித் தெரிந்துகொள்கிறது. மிஞ்சுவது ஏன்? தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. போட்டியாளன் கண்ணில் படாத நிறத்தைப் பூவும் பறவையும் பங்காளிகளாகப் பிடித்துக்கொண்டன. வெள்ளைப் பூவிலும் நீலப் பூவிலும் தேன் இருந்தால் அதையும் விடாது.

● நமக்கு நிறம் காண மூன்று வகைக் கூம்புச் செல்கள், அதற்கு நான்கு. புற ஊதாவும் தெரியும். கொலராடோ மாநிலத்தின் ராக்கி மலைப் புல்வெளியில் மேரி காஸ்வெல் ஸ்டோடார்ட் குழுவினர் காட்டுச் சிட்டுகளுக்கு நிற விளக்குகளை வைத்துச் சோதித்தார்கள். பச்சை மட்டும் எரியும் விளக்கையும், பச்சையோடு புற ஊதா கலந்த விளக்கையும் அவை தெளிவாகப் பிரித்தறிந்தன. நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே பச்சை. 2020இல் வெளியான ஆய்வு இது. நாம் “அழகான பூ” என்று தேர்ந்தெடுத்து வைக்கும் செடி அதன் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று நமக்கு எந்நாளும் தெரியப்போவதில்லை.

● இந்தச் சிட்டுக்காகவே உருவான பூக்களை எப்படி அடையாளம் காண்பது? குழாய் வடிவம். சிவப்பு அல்லது ஆரஞ்சு. மணம் அநேகமாக இருக்காது. தண்ணீர்போல நீர்த்த தேன் நிறைய. முக்கியமாக, உட்கார இடம் இருக்காது; பூ கிளையிலிருந்து விலகித் தொங்கும். தேனீ இறங்கத் திணறும். அந்தரத்தில் நிற்கும் விருந்தாளிக்குத் திண்ணை எதற்கு?

● சர்க்கரைத் தண்ணீரையே குடித்து வாழும் பறவைக்கு இனிப்பை உணரும் மரபணு இல்லை! பறவைகள் எல்லாமே அதை இழந்துவிட்டன. பிறகு எப்படி? கறிச்சுவை எனப்படும் உமாமியை உணரும் ஏற்பியையே மாற்றி அமைத்து, இனிப்பை உணர ரீங்காரச்சிட்டு பயன்படுத்திக்கொண்டது. மாட் பால்ட்வின் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2014இல் கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

● நாக்கின் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். மெல்லிய குழாயில் தண்ணீர் தானாக ஏறுவதுபோலத் தேன் நாக்கில் ஏறுகிறது என்றுதான் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடப் புத்தகங்கள் சொல்லிவந்தன. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் அலெஹாண்ட்ரோ ரிகோ-கெவாராவும் மார்கரெட் ரூபேகாவும் அதிவேகக் காமிராவை வைத்து அது தவறு என்று 2011இல் காட்டினார்கள். தேனுக்குள் நுழைந்ததும் நாக்கின் ஓரச் சிலும்புகள் விரிகின்றன. வெளியே இழுக்கும்போது சுருண்டு தேனைச் சிறைப்பிடிக்கின்றன. நொடிக்குப் பதினைந்து முறைக்கும் மேல் இது நடக்கிறது.

● இனி தோட்டத்துக்கு வருவோம். கிழக்கு அமெரிக்காவிலும் தென்கிழக்குக் கனடாவிலும் காட்டுப்பூக்கள் ஒன்று முடிய ஒன்று என்று பந்தி பரிமாறுகின்றன. வசந்தத்தில் சிட்டு வடக்கே வரும் நேரத்தில், ஏப்ரல் – மே மாதங்களில், சிவப்பும் மஞ்சளுமாகத் தலைகீழாகத் தொங்கும் கொலம்பைன் பூக்கிறது. அதன் நீண்ட வால்களின் உச்சியில்தான் தேன். அதோடு கோரல் ஹனிசக்கிள் கொடி தொடங்கும். தென் மாநிலங்களில் ரெட் பக்கை என்ற சிறு மரம் முந்திக்கொள்ளும். கோடையில் பீ பாம், ட்ரம்பெட் கொடி. ஆடி, ஆவணி வாக்கில் ஈர மண்ணில் கார்டினல் பூ. ஆகஸ்ட், செப்டம்பரில் சிட்டுகள் தெற்கே கிளம்பும்போது ஓடைக்கரை நெடுக ஜுவல்வீட். நாற்றங்கால் கடைக்காரர் சொல்லாத ரகசியம் இதுதான்: ஒரே மாதத்தில் பூக்கும் பத்துச் செடியைவிட, மாதத்துக்கு ஒன்றாகப் பூக்கும் ஐந்து செடி மேல்.

● வடக்கே சில ஆண்டுகளில் பூப்பதற்கு முன்பே சிட்டு வந்து சேர்ந்துவிடும். அப்போது அதற்குக் கைகொடுப்பது ஒரு மரங்கொத்தி. சாப்சக்கர் எனப்படும் மரங்கொத்தி, மரப்பட்டையில் வரிசையாகத் துளை போட்டுச் சாறு குடிக்கும். அந்தத் துளைகளில் ஊறும் இனிப்புச் சாற்றைச் சிட்டும் உறிஞ்சும். சாற்றுக்கு வரும் குட்டிப் பூச்சிகளையும் பிடித்துத் தின்னும். தோட்டத்தில் பழைய மரம் ஒன்று இருந்தால் வெட்டாமல் விடுங்கள்.

● கார்டினல் பூவைப் பார்த்தால் யாரும் மறக்கமாட்டார்கள். மூன்று, நான்கு அடி உயரத்தில் நெருப்புக் கொழுந்து. கிழக்கு மாநிலங்களில் இதன் மகரந்தச் சேர்க்கைக்குச் செங்கழுத்துச் சிட்டுதான் முக்கிய ஆள். சிட்டு குழாய்க்குள் அலகை விட்டதும் மேலே வளைந்திருக்கும் மகரந்தக் குழல் சரியாக அதன் நெற்றியில் தடவும். அடுத்த பூவின் சூலக முடியும் அதே உயரத்தில் காத்திருக்கும். இந்தச் செடிக்கு ஆயுசு கொஞ்சம்தான். ஆனால் விதை ஏராளம். விதை முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் மண்போட்டு மூடக் கூடாது. ஈரமண்ணின்மேல் தூவி லேசாக அமுக்கினால் போதும்.

● 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் பிரிட்டிஷ் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய கதை பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். தேயிலையைப் புறக்கணித்த குடியேறிகள் குடித்த மாற்றுத் தேநீர்களில் ஒன்று பீ பாம் இலைக் கஷாயம். அதற்கு ஆஸ்வீகோ தேநீர் என்று பெயர். செவ்விந்திய மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே இதை அறிந்திருந்தார்கள். இலையைக் கசக்கினால் மணம் தூக்கும். துளசி, புதினாவின் குடும்பம். பூ சிட்டுக்கு, இலை நமக்கு.

● பீ பாம் வாங்குவதில் ஒரு கவனம் வேண்டும். டெலவேர் மாநிலத்தின் மவுன்ட் கியூபா மையம் பல பீ பாம் ரகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நட்டு எதற்கு அதிகச் சிட்டு வருகிறது என்று எண்ணிப் பார்த்தது. முதலிடம் பிடித்தது ‘ஜேக்கப் கிளைன்’ என்ற உயரமான, கருஞ்சிவப்பு ரகம். சாம்பல் நோயையும் அது நன்றாகத் தாங்கியது. பொதுவாக, அடுக்குமல்லி மாதிரி இதழ் அடுக்காக இருக்கும் ஒட்டுரகப் பூக்களைத் தவிர்ப்பது நல்லது. இதழ் கூடியதும் தேனுக்கு வழி அடைபடுகிறது.

● ஜுவல்வீட் நம் காசித்தும்பையின் அமெரிக்கப் பங்காளி. முற்றிய காயைத் தொட்டால் படாரென்று வெடித்து விதை தெறிக்கும். நாம் சின்ன வயதில் காசித்தும்பைக் காயோடு விளையாடியதுபோல் அங்குள்ள குழந்தைகள் இதோடு விளையாடுகிறார்கள். கடையில் இதை அதிகம் விற்பதில்லை. களை என்று பிடுங்கி எறிகிறவர்களே அதிகம். தெற்கே கிளம்பும் சிட்டுக்கு அந்தக் களைதான் கட்டுச்சோறு.

● ட்ரம்பெட் கொடி நடுவதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள். நாட்டுச்செடிதான், பூவும் அள்ளிக் கொட்டும், சிட்டும் மொய்க்கும். எல்லாம் சரி. ஆனால் வேரிலிருந்து பத்தடி தள்ளிக் குருத்து விடும். வேலி, கூரை, பக்கத்து வீடு என்று பார்க்காமல் ஏறும். இடம் தாராளமாக உள்ளவர்களுக்கு மட்டும்.

● ஹனிசக்கிள் என்று கேட்டால் பல இடங்களில் ஜப்பான் ஹனிசக்கிளைத் தருவார்கள். மணம் வீசும் வெள்ளைப் பூ. அமெரிக்கக் காடுகளை வளைத்து மூடி, அங்குள்ள செடிகளை அமுக்கிக் கொல்லும் கொடி அது. நீங்கள் கேட்க வேண்டியது மணமில்லாத செந்நிறக் கோரல் ஹனிசக்கிள்.

● மேற்குக் கரையின் கதை வேறு. கலிஃபோர்னியாவில் அன்னா சிட்டு ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கும். நடுக்குளிரில், ஜனவரியிலேயே சிவப்பாகத் தொங்கும் முள்நெல்லிக் குடும்பப் பூ ஒன்று அதற்குச் சோறு போடுகிறது. கோடை முடிவில் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது கலிஃபோர்னியா ஃபூஷியா பூக்கும். அரிசோனா பாலைவனத்தில் ஒகோட்டியோ என்ற முட்செடி, இலை இல்லாத குச்சி நுனியில் செம்பூக் கொத்தைச் சுமந்து, தெற்கிலிருந்து வரும் சிட்டுகளுக்காக வசந்தத்தில் நிற்கும்.

● நாட்டுச்செடிதான் எல்லாம் என்று அடித்துப் பேசுகிறவர்கள் அன்னா சிட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை! 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவையும் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவையும் தாண்டாத பறவை அது. இன்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வரை குளிர்காலத்தைக் கழிக்கிறது. தோட்டங்களில் மக்கள் நட்ட வெளிநாட்டுச் செடிகளும் சர்க்கரைத் தண்ணீர் பாட்டில்களுமே அதற்குக் காரணம். ஆக, அயல் பூவிலும் பறவை குடிக்கும். ஆனால் குடிப்பது வேறு, குடும்பம் நடத்துவது வேறு. அது அடுத்த துணுக்கில்.

● குஞ்சு தேன் குடித்து வளர்வதில்லை. புரதம் வேண்டும். கொசு, சிற்றீ, அசுவினி, சிலந்தி என்று தாய் பிடித்து வந்து ஊட்டுகிறது. பெரிய சிட்டும் அன்றாடம் பூச்சி தின்னும். ஓர் ஊரின் இலைதின்னும் பூச்சிகளில் பெரும்பாலானவை அந்த ஊர்ச் செடியின் இலையைத்தான் தின்று பழகியவை; அயல்நாட்டுச் செடியில் அவற்றுக்கு வேலையில்லை. டெலவேர் பல்கலைக்கழகப் பூச்சியியல் பேராசிரியர் டக் டலமி 2007இல் வெளியிட்ட புத்தகத்தில் இதைத்தான் வலியுறுத்தினார். அதன்பின் அமெரிக்கப் புறநகர்களில் புல்தரையைப் பெயர்த்து நாட்டுச்செடி நடுகிறவர்கள் பெருகினார்கள். இலையில் ஓட்டை விழுந்தால் பதறி மருந்தடிக்கும் தோட்டக்காரர், சிட்டின் குழந்தைகளைப் பட்டினி போடுகிறார் என்று அர்த்தம்.

● கூடு கட்டும் பொருள் என்ன தெரியுமா? சிலந்தி வலை. மெல்லிய செடிப் பஞ்சை வலை நூலால் பிணைத்து, வெளிப்பக்கம் மரப்பாசி ஒட்டி மறைத்து, நாலைந்து செ.மீ. அகலத்தில் ஒரு கிண்ணம். குஞ்சுகள் வளர வளர வலை நெகிழ்ந்து கூடும் விரியும். நம் ஊர்த் தேன்சிட்டும் தொங்கு கூட்டைச் சிலந்தி வலையால்தான் பின்னுகிறது. ஒட்டடை அடிக்கும் ஆர்வத்தைத் தோட்டத்துப் பக்கம் காட்ட வேண்டாம்.

● முட்டை இரண்டு. ஒவ்வொன்றும் அரை கிராம். அடைகாப்பது, ஊட்டுவது, காவல் காப்பது எல்லாம் தாய் மட்டுமே. கழுத்தில் மாணிக்கம் பதித்தாற்போல் மின்னும் தந்தையார் கூட்டுப் பக்கம் தலை காட்டுவதில்லை. அந்த மாணிக்க நிறமும் சாயம் அல்ல. இறகின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுச் சிதறுவதால் வருவது. வெயில் படாத கோணத்தில் பார்த்தால் கழுத்து கருப்பு.

● ஆண் சிட்டு பெரிய சண்டைக்காரன். பூப்புதரைப் பட்டா போட்டுக்கொண்டு மற்றதை நெருங்கவிடாது. அதனால் எல்லாச் செடியையும் ஒரே பாத்தியில் குவிக்காதீர்கள். வீட்டுக்கு முன்னால் ஒரு கூட்டம், பின்னால் ஒரு கூட்டம், ஒன்று தெரியாமல் மற்றொன்று. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே செடி நாலைந்து சேர்ந்திருக்கட்டும். ஒற்றைச் செடி பறக்கும் பறவையின் கண்ணில் விழாது.

● எந்தப் பூவில் எப்போது குடித்தோம் என்று சிட்டு கணக்கு வைத்திருக்கும். கனடாவின் ராக்கி மலைகளில் செம்பழுப்புச் சிட்டுகளுக்கு எட்டு செயற்கைப் பூக்களை வைத்தார்கள். சிலவற்றில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தேன் நிரம்பும். மற்றவற்றில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை. எது எந்த நேரத்தில் நிரம்பும் என்று கற்றுக்கொண்டு, அதற்கேற்ப வந்து போயின. 2006இல் வெளியான இந்த ஆய்வைப் படித்த பிறகு சிட்டின் மூளை அரிசியைவிடச் சற்றே பெரியது என்று யாரும் இளக்காரமாகச் சொல்ல முடியாது.

● அதே செம்பழுப்புச் சிட்டு அலாஸ்காவில் குஞ்சு பொரித்து மெக்சிகோவில் குளிர்காலம் கழிக்கிறது. ஒரு வழிப் பயணமே 6,000 கி.மீ.க்குக் குறையாமல் போகலாம். வடக்கே போகும்போது கடலோரம். திரும்பும்போது ராக்கி மலை வழி. காரணம் எளிது: கோடை இறுதியில் மலைப் புல்வெளிகள் பூத்துக் கிடக்கும்.

● சிட்டின் மூக்குத் துளையில் பயணிகள் உண்டு! கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பூச்சிலந்திப் பேன்கள், தேன் குடிக்க வரும் சிட்டின் அலகில் ஓடி ஏறி, மூக்குத் துளைக்குள் ஒளிந்துகொண்டு, தமக்குப் பிடித்த பூ வந்ததும் வாசனை பிடித்து இறங்கிவிடும். டிக்கெட் இல்லாப் பயணம் மட்டுமல்ல, பூவில் இருக்கும் தேனிலும் பங்கு கேட்கும். ஹமேலியா பூவில் 40 சதவீதம் வரை இந்தப் பேன்களே குடித்துவிடுவதாக ராபர்ட் கால்வெல் 1995இல் அளந்து சொன்னார்.

● ஹமேலியாவா? ஆமாம், சென்னையிலும் கோவையிலும் சாலை நடுத்திட்டிலும் பூங்காவிலும் ஆரஞ்சுச் சிவப்புக் குழாய்ப் பூவோடு நிற்கும் அதே செடிதான். அமெரிக்கக் கண்டத்துக்காரி; ரீங்காரச்சிட்டுக்கென்றே பூத்தவள். இங்கே அவளைத் தேடி வருவது நம் தேன்சிட்டு. அதேபோல், எப்போதும் மொட்டாகவே தொங்கும் அந்தச் செம்பருத்தியும் மெக்சிகோ பக்கத்துச் சரக்கு. அதன் உறவான டர்க்ஸ் கேப் டெக்சாஸில் மர நிழலிலும் கொளுத்தும் வெயில் மாதங்களிலும் சளைக்காமல் பூக்கும். தேன்சிட்டுக்கு நம் மண்ணின் செடி வைக்க ஆசைப்பட்டால் கல்யாண முருங்கை, புரசு, காட்டு ஆத்திப்பூ இருக்கின்றன. மாமரத்தில் ஒட்டியிருக்கும் புல்லுருவியைக்கூடத் தேன்சிட்டு நம்பியிருக்கிறது. மரத்தின் சொந்தக்காரர் சம்மதிக்கமாட்டார், அது வேறு விஷயம்.

● பாட்டிலும் வைக்கத்தான் வேண்டும் என்பவர்களுக்கு: ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நான்கு பங்கு தண்ணீர். அவ்வளவுதான். காட்டுப்பூத் தேனின் இனிப்பும் ஏறக்குறைய இதே அளவு. சிவப்புச் சாயம் கலக்க வேண்டாம்; பாட்டிலின் சிவப்பே போதும். தேன் கலந்தால் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். ஊரிலிருந்து போன அம்மா “வெல்லம் உடம்புக்கு நல்லது” என்று வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ போட்டுவிடப் போகிறார், கவனம்! அதிலுள்ள இரும்புச்சத்து சிட்டுக்கு ஆகாது. வெயில் காலத்தில் இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவி மாற்ற வேண்டும். செடியிடம் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

● பாட்டிலை எடுக்காவிட்டால் சிட்டு தெற்கே போகாமல் தங்கிவிடும் என்பது கட்டுக்கதை. பகல் குறையக் குறைய உடம்புக்குள் மணி அடிக்கும்; கிளம்பிவிடும். போகும்முன் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொண்டு, பல செங்கழுத்துச் சிட்டுகள் மெக்சிகோ வளைகுடாவை ஒரே மூச்சில் கடக்கின்றன. 800 கி.மீ. கடல், சுமார் 20 மணி நேரம், கீழே இறங்க ஓர் இலைகூடக் கிடையாது. டெக்சாஸ் கடற்கரையின் ராக்போர்ட் என்ற சிற்றூரில் செப்டம்பர் தோறும் இந்தப் பயணிகளுக்காகவே திருவிழா நடக்கிறது; ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுத் தோட்டங்களைப் பார்வையாளருக்குத் திறந்துவிடுகிறார்கள்.

● ஜான் கூல்ட் என்ற ஆங்கிலேயர் ரீங்காரச்சிட்டுகளைப் பற்றி வண்ணப் படங்களுடன் பல தொகுதிகள் வெளியிட்டார். 1851இல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் பாடம் செய்த சிட்டுகளைக் காட்சிக்கு வைத்தார், கூட்டம் அலைமோதியது. வேடிக்கை என்னவென்றால், அவர் உயிருள்ள சிட்டு ஒன்றைக்கூட அதுவரை பார்த்ததில்லை! 1857 மே மாதம் அமெரிக்கா போய், ஃபிலடெல்ஃபியாவின் பார்ட்ரம் தோட்டத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தார். ஜான் பார்ட்ரம் என்ற உழவர் 1728இல் தொடங்கி, அமெரிக்கக் காட்டுச் செடிகளைத் தேடித் தேடிச் சேர்த்து வளர்த்த தோட்டம் அது. இன்றும் இருக்கிறது. சிட்டைத் தேடிக் கடல் கடந்தவருக்கு அது காட்சி தந்தது நாட்டுச்செடித் தோட்டத்தில்! கூல்ட் உயிரோடு சிலவற்றை லண்டனுக்குக் கொண்டுபோகவும் முயன்றார். அவை பிழைக்கவில்லை.

● அந்தக் காலத்தில் சீமாட்டிகளின் தொப்பியில் செருகுவதற்காக இந்தப் பறவைகளின் தோல்கள் லண்டன் ஏலத்தில் ஆயிரக்கணக்கில் விலைபோயின. அமெரிக்காவில் 1918இல் வந்த வலசைப் பறவைகள் சட்டம் அங்கே இவற்றைக் கொல்வதற்கும் விற்பதற்கும் தடை போட்டது. இன்றும் அங்கே முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைக் கலைத்தால் குற்றம். கோடையில் செடி கத்தரிக்கும் முன் கிளைகளை ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

● காட்டுப்பூவுக்குக் குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஓர் அதிபரின் மனைவி. லிண்டன் ஜான்சனின் துணைவியார் லேடி பேர்ட் ஜான்சன், தம் 70ஆவது பிறந்தநாளில், 1982 டிசம்பரில், நடிகை ஹெலன் ஹேய்ஸுடன் சேர்ந்து டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் காட்டுப்பூ ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கினார். இன்று அது அவர் பெயராலேயே டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பகுதியாக இயங்குகிறது. எந்த மாநிலத்துக்கு எந்த நாட்டுச்செடி, வெயில் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, சிட்டு வருமா என்பதையெல்லாம் அந்த மையத்தின் தளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

● டிரினிடாட் – டொபாகோ நாட்டின் அரசுச் சின்னத்தில் இரண்டு ரீங்காரச்சிட்டுகள் உண்டு. 1962இல் விடுதலை பெற்றபோது ஏற்ற சின்னம். 19ஆம் நூற்றாண்டில் மதராஸ் துறைமுகத்திலிருந்து அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழர்கள்தான், இந்தச் சிட்டை அன்றாடம் கண்ட முதல் தமிழர்களில் சிலராக இருந்திருப்பார்கள்.

● சிலிக்கு மேற்கே, பசிபிக் கடலில் ராபின்சன் குரூசோ என்ற தீவு. உலகில் வேறெங்கும் இல்லாத நெருப்புநிறச் சிட்டு ஒன்று அங்கே வாழ்கிறது. ஆண் செங்கல் நிறம், பெண் பச்சையும் நீலமும். மனிதர் கொண்டுவந்த பூனையும் எலியும் ஒரு பக்கம், காட்டை மூடிய அயல்நாட்டு முட்புதர் மறுபக்கம். அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதைக் காப்பாற்ற அங்கே செய்யும் முக்கிய வேலைகளில் ஒன்று, முட்புதரை வெட்டிவிட்டுத் தீவின் சொந்தச் செடிகளை மீண்டும் நடுவது.

● கொலராடோ மலைகளில், அகன்ற வால் சிட்டு வந்து சேர்ந்ததும் குடிக்கும் முதல் பூக்களில் ஒன்று கிளேசியர் லில்லி. 1970களோடு ஒப்பிட்டால் அது இப்போது இரண்டு வாரத்துக்கும் மேல் முன்னதாகவே பூத்துவிடுகிறது என்று 2012இல் ஓர் ஆய்வு சொன்னது. பனி சீக்கிரம் உருகுவதே காரணம். சிட்டின் வருகை அந்த அளவுக்கு முந்தவில்லை. விருந்தாளி வரும்முன் பந்தி முடிந்துபோகும் ஆபத்து.

● நிலம் இல்லை, அடுக்குமாடி வீடுதான் என்றால்? கோரல் ஹனிசக்கிளைப் பெரிய தொட்டியில் வைத்துக் கம்பியில் ஏற்றலாம். தென் மாநிலங்களில் செந்நிற சால்வியா தொட்டியிலேயே மாதக்கணக்கில் பூக்கும். கண்ணாடி ஜன்னலில் சிட்டு மோதாமல் இருக்க வெளிப்பக்கம் சிறு ஒட்டுப் புள்ளிகளை நெருக்கமாக ஒட்டுங்கள். பூனை இருந்தால் உள்ளே பூட்டுங்கள். பூச்செடியில் பெரிய கும்பிடுபூச்சி உட்கார்ந்திருந்தால் எடுத்துத் தள்ளி விடுங்கள். அந்தப் பூச்சி சிட்டையே பிடித்துத் தின்றதற்குப் பல பதிவுகள் உண்டு.

● கடைசியாக, நாற்று வாங்கும் இடத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: “இதற்கு நியோனிகோட்டினாய்ட் மருந்து கொடுத்திருக்கிறீர்களா?” அந்த வகை மருந்து செடியின் சாறெங்கும் பரவி, பூவின் தேனிலும் மகரந்தத்திலும் கலந்துவிடும். கொடுத்திருப்பதாகச் சொன்னாலோ, தெரியவில்லை என்று இழுத்தாலோ அந்த நாற்றை வாங்காதீர்கள். நாட்டுச்செடிகளை மட்டுமே வளர்த்து விற்கும் சிறு நாற்றங்கால்கள் பெரும்பாலான மாநிலங்களில் இருக்கின்றன. விலை இரண்டு டாலர் கூடுதலாக இருந்தாலும் அங்கேயே வாங்குங்கள்.